வெண்கலத்தின் தொண்டை

அந்தக் காய்கறிச் சந்தையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் யாரும் அலாரம் வைத்து எழுந்ததில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஏலக் கொட்டகையில் வெண்கலம் வாயைத் திறந்தால் போதும், தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

லாரியிலிருந்து இறங்கிய தக்காளியும் முட்டைக்கோஸும் குவிந்து கிடக்க, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் ஏறி நிற்பாள். இந்தக் கோடியில் ஒருத்தன் புருவத்தை உயர்த்தினாலும் கண்டுபிடித்து, அந்தக் கோடியில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி விலையைக் கூவுவாள். வியாபாரிகள் சங்கம் ஒருமுறை பரிதாபப்பட்டு அவளுக்கு மைக் வாங்கிக் கொடுத்தது. அவள் அதைப் பிடித்து முதல் விலையைச் சொன்னதுமே ஸ்பீக்கர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மண்டையைப் போட்டது. "இத நம்பி என்னை இறக்கிவிடப் பார்த்தீங்களேடா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்ததாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். சந்தைக்காரர்கள் எதையும் எடை கூட்டித்தான் சொல்வார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நெசவு மில்லில் தறிகளுக்கு நடுவே நின்றே வயசைக் கழித்தவர். அந்தத் தடதடப்பு அவருடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மில்லை விட்டு வந்த பிறகு சமையலறையை எடுத்துக்கொண்டார். ஊரார் பேசுவதெல்லாம் அவருக்கு வெறும் வாயசைப்புத்தான். சிரித்துத் தலையாட்டிச் சமாளித்துவிடுவார். வெண்கலம் பேசுவது மட்டும்தான் ஒரு சொல் சிந்தாமல் காதில் விழும்.

ஆனால் காது மந்தம் என்று அவரிடம் சொல்லிவிட முடியுமா? மனிதர் வள்ளென்று விழுவார். மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த காது மெஷின் டப்பா பிரிக்காமல் பீரோவுக்குள் தூங்கியது. வெண்கலம் வாசலிலிருந்து அவரைக் கூப்பிட்டால் தெருவில் போகிற நாலு பேர் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அவரோ உள்ளே இருந்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எதுக்கு இப்படிக் கத்துற? எனக்கென்ன காது கேக்காதா?" என்பார். வருஷக்கணக்காக அந்த வீட்டில் தினமும் ஒலித்த வசனம் இது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கே மனப்பாடம்.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் ஒரு நாள் கரகரப்பு வந்து உட்கார்ந்தது.

சளி என்று நினைத்தாள். வெந்நீர் குடித்தாள், ஆவி பிடித்தாள், இரண்டு நாள் குறைத்துக் கூவிப் பார்த்தாள். கரகரப்பு போவேனா என்றது. "என்னக்கா, வெண்கலம் தகரமாயிடுச்சா?" என்று சந்தையில் கேலி பேசினார்கள். அவளும் பதிலுக்குக் கேலி பேசினாள். வீட்டுக்காரர்தான் கேலி பேசவில்லை. தோட்டத்துக் கீரையைத் தினமும் காலையில் பறித்து, அம்மியில் வைத்து நைஸாக அரைத்து, பிழிந்து, தேன் விட்டுக் கெட்டியாகக் கொண்டுவந்து நீட்டினார். "தொண்டையில நல்லா நிக்கட்டும், அப்புறம் முழுங்கு" என்பது உத்தரவு. அவளும் அண்ணாந்து கொப்பளிப்பாள், பாதி புரையேறும், கண்ணில் நீர் முட்ட மீதியை விழுங்குவாள்.

ஒரு மத்தியானம் சந்தையிலிருந்து திரும்பியவள், அடுப்பைப் பார்த்து நின்றிருந்தவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஏலம் போனால் போகட்டும், இந்த மனிதருக்கு வேறு யார் குரல் கேட்கும்? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

தொண்டை டாக்டரம்மா வயசில் சின்னவர். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, குரல் நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டு நாண்களில் இடதுபக்கத்து நாணின் மேல் பாலாடை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இது கத்திக் கத்திக் காய்ச்சுப்போன தோலாவும் இருக்கலாம். உள்ள எங்கயாவது புத்துநோய் ஆரம்பிச்சிருக்கவும் செய்யலாம்" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதிக்கணும். எந்த இடத்துல கிள்ளுறதுன்னு தெரியாம நாலு இடத்துல கிள்ளினா, அந்தக் காயமே குரலைக் கெடுத்துடும்."

"புத்தா இருந்தா?"

"சின்ன இடமா இருந்தா லேசர்ல சீவி எடுத்துடலாம். குரல் கொஞ்சம் மெலியும், ஆனா இருக்கும். ரெண்டு பக்கமும் பரவி, கீழயும் இறங்கியிருந்தா குரல் பெட்டியையே எடுக்க வேண்டி வரும். உயிருக்குப் பயமில்ல. ஆனா பேச்சு இருக்காதும்மா."

வெண்கலம் தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வீட்டுக்காரர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

அதே ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் புது மெஷின் ஒன்று இருந்தது. எங்கே கிள்ளுவது என்று கண்டுபிடிக்க டாக்டரம்மா அவளை அங்கே அனுப்பினார். அதைக் கட்டி இயக்குகிற இன்ஜினியரை எல்லோரும் படக்காரர் என்றுதான் அழைத்தார்கள். மனிதர் மெஷினைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கொட்டாவி விடுவார். மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டால் நிறுத்தவே மாட்டார்.

"இதுல ஒளி சதைக்குள்ள போய்த் திரும்பி வரும்மா. கத்தி வைக்காமலே உள்ள இருக்குற அடுக்கெல்லாம் தெரியும். ஆனா ஒரு சங்கடம், எல்லாமே சாம்பல் நிறமாத்தான் தெரியும். எது நல்லது எது கெட்டதுன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காதே."

"பெட்டியில அடித்தட்டுத் தக்காளி மாதிரி" என்றாள் வெண்கலம். "பக்கவாட்டுல பார்த்தா அடுக்கு சரியாத்தான் இருக்கும். அழுகினது எதுன்னு தெரியாது."

படக்காரருக்கு வாயெல்லாம் பல். "அதேதான்! அதுக்குத்தான் ஒரு மருந்தைப் புகையா உறிஞ்சச் சொல்றோம். தொண்டையில இருக்குற ஒவ்வொரு செல்லும் அதை வாங்கி, உள்ள வேற பொருளா மாத்தும். நீல வெளிச்சம் அடிச்சா அந்தப் பொருள் சிவப்பா ஒளிரும். நல்ல செல் அதைச் சட்டுன்னு செலவழிச்சுடும். கெட்டது மட்டும் சேர்த்து வச்சுக்கும்."

"பதுக்கல்காரனுங்க!" என்றாள் அவள். சந்தையில் பதுக்கல்காரர்களோடு எத்தனை மல்லுக்கட்டியிருக்கிறாள்! "அப்ப இது ரெய்டு. வெளிச்சம் அடிச்சதும் பிடிபட்டுடுவானுங்க."

"மருந்துக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேணும்" என்று சொல்லி, அன்றைக்கே மருந்தில்லாத முன்படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சந்தையிலிருந்து நேரே வந்திருந்ததால் அன்று அவளுக்குக் கீரைச் சாறு குடிக்க நேரம் இருக்கவில்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மருந்து கொடுக்கிற நாள். "வெறும் வயித்துல வாங்க. சாப்பாடு கூடாது, மாத்திரை கூடாது, காப்பி டீ கூடாது" என்று நர்ஸ் போனிலேயே சொல்லியிருந்தார். வெண்கலம் சொன்ன சொல் தட்டாதவள். சாப்பிடவில்லை, மாத்திரை போடவில்லை, டீயின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டுக்காரர் வழக்கம்போல் கீரைச் சாற்றை நீட்டியபோது மட்டும் வாங்கிக்கொண்டாள். கீரை சாப்பாடா என்ன? மாத்திரையா? டீயும் இல்லை. அவள் கணக்கில் அது எதிலும் சேரவில்லை. அவரும் மனைவிக்குப் பெரிய சோதனை ஆயிற்றே என்று அன்று இரண்டு பிடி கீரை கூடுதலாகவே அரைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டி மருந்துப் புகையை உறிஞ்சினாள். பிறகு காத்திருந்தாள். கூட்டம் நெரிந்தது. முன்படம்தான் போன வாரமே இருக்கிறதே என்று படக்காரர் நேரே மெஷினுக்கு அழைத்துக்கொண்டார். விளக்குகளை அணைத்தார்கள். மரத்துப்போன மூக்கு வழியாகக் குழாய் இறங்கியது. நீல வெளிச்சம் எரிந்தது.

ஒரு சின்னப் புள்ளியைத் தேடி எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரை முழுக்கச் சிவந்து கிடந்தது. இடது நாண் மட்டும் இல்லை, வலது நாணும், அதன் ஓரங்களும், கீழே கண்ணுக்குத் தெரிகிற வரையிலும் ஒரே சிவப்பு.

சிவப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளேதான் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதுக்கல்காரன் என்று பட்டமும் சூட்டியிருந்தாளே! குழாய் மூக்கில் இருந்ததால் அழக்கூட முடியவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. டாக்டரம்மா அவளுடைய தோளில் கை வைத்தார். அந்தக் கை வைத்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர் பேசாமல் கை வைத்தால் என்ன அர்த்தம்?

அவளுக்குப் பேச்சு போன வீடு எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. குழம்பைக் கிண்டும் முதுகு. கதவருகே அவள். இடையே ஒன்றுமே இல்லை.

"இருங்க" என்றார் டாக்டரம்மா, படக்காரரிடம். "அதே இடத்துல அடுக்குப் படம் எடுங்க."

சாம்பல் நிறப் படம் பக்கத்தில் வந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வலது பக்கம் அடுக்கெல்லாம் ஒழுங்கா இருக்கே. ஒண்ணு கூடக் கலையல. இவ்வளவு சிவந்திருந்தா கன்னாபின்னான்னு இருக்கணுமே?"

"சிவப்பு உள்ள இல்ல, மேல மிதக்குது" என்றார் படக்காரர். குரலே மாறிவிட்டது. "பூசின மாதிரி."

"இன்னிக்கு முன்படம் எடுத்தீங்களா?"

படக்காரர் காதைச் சொறிந்தார். "போன வாரத்துது இருந்துச்சு... கூட்டமா வேற இருந்துச்சா..."

டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. குழாயை வெளியே எடுத்து, விளக்கைப் போட்டு, வெண்கலத்தின் முன்னால் உட்கார்ந்தார். "காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டரம்மா. சத்தியமா."

"டீ, காப்பி?"

"தொடவே இல்ல."

"வேற எதுவும் வாயில போடலையா?"

"அதான் சொல்றேனே!" கரகரத்த தொண்டையிலும் கோபம் கோபமாகத்தான் வந்தது. எல்லாம் போகப்போகிற நேரத்தில் தன்னைத் திருட்டுத்தனம் செய்கிறவளாகப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. மனைவி அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அழுகிறவளுக்கு அவரால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பையைத் திறந்தார். பிளாஸ்கை எடுத்தார். திரும்பிப் போகும்போது குடிப்பதற்கென்று மிச்சம் வைத்திருந்த கீரைச் சாற்றை மூடியில் ஊற்றி, "இந்தா, கொஞ்சம் குடி. தொண்டைக்கு இதமா இருக்கும்" என்று நீட்டினார்.

அறையில் இருந்த மூவரும் அந்தப் பச்சைச் சாற்றையே பார்த்தார்கள்.

"அது... கீரை" என்றாள் வெண்கலம் மெதுவாக. "சாப்பாடு இல்லையே?"

படக்காரர் ஒரே பாய்ச்சலில் வந்து அவருடைய கையிலிருந்த மூடியை வாங்கினார். விளக்கை அணைத்தார். குழாயின் நுனியை மூடிக்கு மேலே பிடித்து நீல வெளிச்சத்தை எரியவிட்டார். திரையில், அரைத்த கீரைச் சாறு ரத்தமாக ஜொலித்தது.

"அடக் கடவுளே!" என்றார் டாக்டரம்மா. பிறகு அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "இலையில இருக்குற பச்சையும் நீல வெளிச்சத்துல சிவப்பாத்தான் ஒளிரும். படிச்சது எல்லாம் மறந்துபோச்சு பாருங்க. புரையேறி அங்க போய் ஒட்டியிருக்கு."

"அப்ப என் தொண்டை?"

"உங்க தொண்டையைப் பத்தி இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. அடுத்த வாரம் வாங்க. கீரையைக் கண்ணால கூடப் பார்க்காம வாங்க."

வீட்டுக்காரருக்கு விஷயத்தை விளக்கப் பஸ் நிறுத்தம் வரை ஆயிற்று. அரைகுறையாகப் புரிந்ததும் மனிதர் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டார். "நாந்தான் கெடுத்துட்டேனா? நான் குடுத்ததுதான் உனக்கு ஆகாம போச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெண்கலம் இல்லை இல்லை என்று தலையாட்டிப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை. கடைசியில் இருந்த குரலையெல்லாம் திரட்டி, அவருடைய காதருகே வாயை வைத்து, "நீங்க ஒண்ணும் கெடுக்கல! சும்மா இருங்க!" என்றாள். அவருக்குக் கேட்டது. அப்புறம் பஸ் வருகிறவரை அவளுடைய முந்தானை நுனியைச் சின்னப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டே நின்றார்.

அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் கீரை நுழையவில்லை. தோட்டத்துப் பக்கமே அவர் போகவில்லை. வெண்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு பொய் என்று ஆகிவிட்டது சரி. அந்தப் பொய்க்குக் கீழே உண்மை என்ன இருக்கிறதோ என்ற பயம் ஓயவில்லை.

இந்தமுறை படக்காரர் முன்படத்தை எடுத்த பிறகுதான் அவளை மூச்சே விடச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உஷார். தொண்டையை உப்புநீரால் கழுவினார்கள். முன்படத்தில் சிவப்பு துளியும் இல்லை. பிறகு மருந்துப் புகை, காத்திருப்பு, இருட்டு, நீல வெளிச்சம்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோளில் கை வந்து விழப்போகிறது என்று காத்திருந்தாள். விழவில்லை.

"கண்ணைத் திறந்து பாருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க பதுக்கல்காரன் ஒத்தை ஆளு."

இடது நாணின் விளிம்பில், மிளகை விடச் சின்னதாக, ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. வலது பக்கம் பளிச்சென்று சுத்தம். கீழேயும் சுத்தம். அடுக்குப் படத்திலும் அந்தப் பொட்டுக்கு நேர் கீழேதான் அடுக்குகள் கலைந்திருந்தன. வெள்ளைப் பாலாடையின் மற்ற இடமெல்லாம் வெறும் காய்ப்புத்தான். டாக்டரம்மா அங்கே மட்டும் கிள்ளினார். புற்றுத்தான், ஆரம்பம்தான் என்று முடிவு வந்தது. லேசரால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த மெஷின் அறைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் நர்ஸ் ஒரு கேள்வி கேட்கிறார்: "கீரைச் சாறு ஏதும் குடிச்சீங்களா?" ஆஸ்பத்திரியில் அதற்கு வெண்கலம் கேள்வி என்றே பெயர் விழுந்துவிட்டது. படக்காரர் இரண்டு சிவப்பையும் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஒரு புதுக் கண்ணாடியை மெஷினில் பொருத்தியிருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது போய்விடும்.

அறுவைக்குப் பின் டாக்டரம்மா போட்ட உத்தரவுதான் கொடுமை. காயம் ஆறுகிறவரை பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ஆறிய பிறகும் கத்தக் கூடாது. ஏலத்துக்கு மைக் பிடித்தே ஆக வேண்டும். சங்கத்துக்காரர்கள் சந்தோஷமாகப் புது மைக் வாங்கிவிட்டார்கள். "இனிமே அது உயிரோட இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் பேச முடியாதவளும் காது கேட்காதவரும். கேட்கவா வேண்டும்! அவள் தட்டைத் தட்டினால் அவருக்குக் கேட்காது. கைதட்டினாலும் கேட்காது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பூண்டுப் பற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் ஒன்றை எடுத்து முதுகைக் குறிபார்த்து எறிவாள். அவர் திரும்புவார், என்ன என்று கண்ணால் கேட்பார், எறிந்த பூண்டைப் பொறுக்கி உரித்துக் குழம்பில் போட்டுக்கொள்வார். அந்த நாட்களில் அந்த வீட்டுக் குழம்பில் பூண்டு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பேசலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று வெண்கலம் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அங்கே முதல் வார்த்தை பேசிப் பார்த்தாள். நூலாக வந்தது. கரகரப்பு இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெண்கலம் எங்கே, இது எங்கே! பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் கேட்கும். "போகப் போகக் கொஞ்சம் கூடும்" என்றார் டாக்டரம்மா. உயிரும் பேச்சும் மிஞ்சியதே என்று கும்பிட்டாள். வழியெல்லாம் மனசு மட்டும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நூல் அவருடைய காதில் நுழையுமா?

வீட்டுக்கு வந்தாள். அவர் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அதே முதுகு. கை பழக்கத்தில் ஒரு பூண்டுப் பல்லை எடுத்துவிட்டது. எறியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க..."

கரண்டி நின்றது.

அவர் உடனே திரும்பவில்லை. தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரவழைத்த சிடுசிடுப்போடு திரும்பினார். "எதுக்கு இப்படிக் கத்துற? எனக்கென்ன காது கேக்காதா?"

அப்போதுதான் அவள் பார்த்தாள். பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அந்த மெஷின் அவருடைய காதுக்குப் பின்னால் இருந்தது. எத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாரோ! காதின் ஓரம் கன்றிச் சிவந்திருந்தது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையிலிருந்த பூண்டுப் பல்லை அவர் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள். அவர் அதைப் பிடித்து, உரித்து, குழம்பில் போட்டார்.